கம்பைலர் உங்கள் லூப்பை என்ன செய்கிறது: ஒரே ஃபங்ஷனை வைத்துப் படிப்படியாக

படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன ஃபங்ஷன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சி மொழியில் எழுதியது. வாசிக்க வசதியாக எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வ என்றால் வரிசை எண், ந என்றால் நெடுவரிசை எண், ம என்றால் மதிப்பு. அளவு என்பது வெளிச்சச் சதவீதம், தலைகீழ் என்பது வெளிச்சத்தை இருட்டாக, இருட்டை வெளிச்சமாகப் புரட்டவா என்று சொல்லும் ஆம்-இல்லைக் கொடி.

வாய்டு வெளிச்சம்(ஃப்ளோட் *புதுசு, ஃப்ளோட் *பழசு, இன்ட் உயரம், இன்ட் அகலம், ஃப்ளோட் *அளவு, இன்ட் தலைகீழ்)
{
  ஃபார் (இன்ட் வ = 0; வ < உயரம்; வ++)
    ஃபார் (இன்ட் ந = 0; ந < அகலம்; ந++) {
      ஃப்ளோட் ம = பழசு[வ * அகலம் + ந] * (*அளவு / 100);
      இஃப் (தலைகீழ்) ம = 1 - ம;
      புதுசு[வ * அகலம் + ந] = ம;
    }
}

1920 × 1080 படம் என்றால் உள் லூப்பின் உடல் 20,73,600 முறை ஓடும். ஒவ்வொரு முறையும் முகவரிக் கணக்கு, ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல், ஒரு இஃப். நிரலை எந்திரக் கட்டளைகளாக்குவது கம்பைலர்; ஜிசிசி, கிளாங் இரண்டும் சி கம்பைலர்கள். அவற்றில் -ஓ0 (வேகப்படுத்தும் உத்தி எதுவும் வேண்டாம்) கொடுத்துக் கம்பைல் செய்தால் எழுதியது எழுதியபடியே ஓடும். -ஓ3 (எல்லா உத்தியையும் முயன்று பார்) கொடுத்தால், வெளிவரும் அசெம்பிளியில், அதாவது எந்திரக் கட்டளைகளின் எழுத்து வடிவத்தில், உங்கள் லூப்பை அடையாளம் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆகும்.

கம்பைலருக்கு உத்தி தெரியாமல் போவது அபூர்வம். கீழே வரும் உத்திகளில் பலவற்றை ஐபிஎம்மில் ஃபிரான்சஸ் ஆலனும் ஜான் காக்கும் 1970-களின் தொடக்கத்திலேயே வகைப்படுத்திப் பட்டியல் போட்டுவிட்டார்கள். இருவருமே பின்னாளில் கணினித் துறையின் உயரிய டூரிங் விருது பெற்றவர்கள். காக் 1987-ல், ஆலன் 2006-ல். கம்பைலர் தடுக்கி நிற்பது வேறு இடத்தில். மாற்றிய நிரல் எந்த உள்ளீட்டுக்கும் பழைய விடையையே தரும் என்று அது நிரூபித்தாக வேண்டும். நிரூபணம் கிடைக்காவிட்டால் சத்தம் போடாமல் விட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு படியிலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இங்கே அதற்கு எது உறுதியாகத் தெரியவில்லை?

படித்துக்கொண்டே முயன்று பார்க்க, மேட் காட்போல்ட் 2012-ல் தொடங்கிய கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் தளத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் நிரல், வலது பக்கம் அசெம்பிளி. எதையும் நிறுவ வேண்டியதில்லை.

படி 1: லூப்பைக் கண்டுபிடித்தல்

ஃபார், வைல், கோடூ போன்ற சொற்களெல்லாம் ஆரம்பத்திலேயே உதிர்ந்துவிடும். மிஞ்சுவது நேராக ஓடும் கட்டளைத் துண்டுகளும் அவற்றுக்கிடையே தாவும் அம்புகளும்தான். ஒரு துண்டுக்கு எந்த வழியாக வந்தாலும் குறிப்பிட்ட இன்னொரு துண்டைத் தாண்டித்தான் வர முடியும் என்றால், அந்த இன்னொன்று இதை ஆள்கிறது என்பார்கள். தன்னை ஆளும் துண்டுக்கே திரும்பிப் போகும் அம்பு எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு லூப் இருக்கிறது.

அதனால் ஃபார் வேகமா வைல் வேகமா என்ற பழைய சண்டைக்கு இங்கே இடமில்லை. கம்பைலர் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கோடூ போட்டு லூப்பின் நடுவில் குதித்தால் மட்டும் கதை மாறும். நுழைவாயில் இரண்டாகிவிட்டால் ஆளும் துண்டு என்று எதையும் சொல்ல முடியாது. லூப் உத்திகளில் பெரும்பாலானவை அந்த இடத்தைத் தொடாமல் கடந்து போய்விடும்.

படி 2: லூப்பைத் திருப்பிப் போடுதல்

ஃபார் லூப் சோதனையை மேலே வைத்திருக்கிறது. கம்பைலர் அதைக் கீழே இறக்கும். முதலில் ஒரே ஒரு முறை "அகலம் 0-ஐ விடப் பெரிதா?" என்று கேட்டுவிட்டு, உள்ளே போனபின் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் சோதிக்கும். சுற்றுக்கு ஒரு தாவல் மிச்சம்.

அதைவிடப் பெரிய லாபம், நுழைவுச் சோதனைக்கும் லூப் உடலுக்கும் இடையே புதிதாக ஓர் இடம் கிடைப்பது. வீட்டுக்குள் நுழையுமுன் இருக்கும் திண்ணை போன்ற இடம் அது. அங்கே வைக்கும் கட்டளை ஒரே முறை ஓடும். லூப் ஒரு சுற்றாவது ஓடப்போகிறது என்றால் மட்டுமே ஓடும். இந்த இரண்டாவது உறுதி ஏன் முக்கியம் என்பது அடுத்த படியில் தெரியும்.

படி 3: மாறாததை வெளியே எடுத்தல்

அதிக லாபமும் அதிக ஏமாற்றமும் இந்தப் படியில்தான். லூப்புக்குள் ஒவ்வொரு சுற்றிலும் அதே விடை தரும் கணக்கை ஒரே முறை செய்து வெளியே வைத்துவிடலாம். வ * அகலம் உள் லூப்பில் மாறுவதில்லை, எனவே அது வெளியே போய்விடும். இதில் சிக்கல் எதுவும் இல்லை.

*அளவு / 100? பார்த்தால் அதுவும் மாறாததுதான். 20 லட்சத்துக்கும் மேலான வகுத்தலை ஒன்றாகச் சுருக்கலாம். ஆனால் வெளியே எடுக்கும் கட்டம் இதைத் தொடாது. ஏனென்றால் புதுசு ஒரு ஃப்ளோட் பாயிண்டர் (தசம எண் இருக்கும் மெமரி இடத்தின் முகவரி), அளவும் ஒரு ஃப்ளோட் பாயிண்டர். யாராவது அளவு என்ற இடத்தில் புதுசு[500]-இன் முகவரியைக் கொடுத்து அழைத்தால்? 500-வது புள்ளியை எழுதியதும் *அளவு மாறிவிடும். யாரும் அப்படி அழைக்க மாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கம்பைலருக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் மெமரியிலிருந்து எடுத்து மறுபடி வகுக்கும்.

அளவு மட்டும் இன்ட் பாயிண்டராக இருந்திருந்தால் -ஓ2-விலேயே வகுத்தல் வெளியே போயிருக்கும். ஃப்ளோட்டாக எழுதுவதை இன்ட்டாகப் படிக்கக் கூடாது என்பது சி மொழியின் விதி. அந்த விதியே நிரூபணமாகிவிடும். கேரக்டர் பாயிண்டர் இதற்கு நேர் எதிர். அதன் வழியாக எந்த வகையின் மெமரியையும் தொட விதி அனுமதிக்கிறது. 8 பிட் படங்களைக் கையாளும் நிரல்கள் இந்த விஷயத்தில் அதிகம் அடிபடுவது அதனால்தான்.

கான்ஸ்ட் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. கான்ஸ்ட் பாயிண்டர் என்றால் இந்தப் பாயிண்டர் வழியாக எழுத மாட்டேன் என்றுதான் பொருள். வேறு பாயிண்டர் வழியாக அதே இடம் மாறாது என்று அது வாக்குக் கொடுப்பதில்லை.

தீர்வு இரண்டு உண்டு. ஒன்று, சி99-இல் வந்த ரெஸ்ட்ரிக்ட் என்ற சொல்லைப் பாயிண்டரோடு சேர்ப்பது. இந்த இடத்தை வேறு பாயிண்டர் வழியாகத் தொட மாட்டேன் என்று அதற்குப் பொருள். சி++ தரத்தில் அது இல்லை. ஆனால் ஜிசிசி, கிளாங் இரண்டும் முன்னால் இரண்டு அடிக்கோடு போட்ட வடிவத்தை ஏற்கின்றன. இது உங்கள் வாக்குறுதி, கம்பைலர் சரிபார்க்காது. படத்தை அதே இடத்தில் மாற்ற புதுசுக்கும் பழசுக்கும் ஒரே முகவரியைக் கொடுத்து அழைக்கும் பழக்கம் உங்கள் நிரலில் இருந்தால் ரெஸ்ட்ரிக்ட் போடாதீர்கள். இரண்டாவது வழி எளிது, ஆபத்தும் குறைவு. ஃபங்ஷனின் முதல் வரியில் நீங்களே எழுதிவிடுங்கள்:

  ஃப்ளோட் அ = *அளவு / 100;

லூப்புக்குள் அ மட்டும். அதன் முகவரியை யாரும் எடுக்கவில்லை, எனவே அது மெமரிக்குப் போகாமல், எந்திரத்துக்குள்ளேயே உள்ள ரெஜிஸ்டர் என்ற சின்னச் சேமிப்பிடத்தில் உட்கார்ந்துவிடும். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். ரெஸ்ட்ரிக்ட்டை ஆறு மாதம் கழித்து இன்னொருவர் மீறலாம். இதை மீற வழியில்லை.

அடைப்புக்குறியையும் கவனியுங்கள். ம = பழசு[...] * *அளவு / 100 என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருந்தால் முதலில் பெருக்கல், பிறகு வகுத்தல். அப்போது எத்தனை ரெஸ்ட்ரிக்ட் போட்டாலும் வகுத்தல் வெளியே போகாது. தசமக் கணக்கில் வரிசையை மாற்றினால் கடைசி இலக்கம் மாறலாம் என்பதால் கம்பைலர் மாற்றாது. 100-ஆல் வகுப்பதை 0.01-ஆல் பெருக்குவதாகவும் மாற்றாது, 0.01 இரும எண்ணில் துல்லியமாக அடங்காது என்பதால். 128-ஆல் வகுத்திருந்தால் தயங்காமல் பெருக்கலாக்கிவிடும்.

திண்ணையின் இரண்டாவது உறுதி இங்கேதான் வேலைக்கு வருகிறது. உயரம் 0 ஆக இருந்து அளவு வெற்றுப் பாயிண்டராகவும் இருந்தால் மூல நிரல் சாதுவாகத் திரும்பிவிடும். *அளவைப் படிப்பதைச் சோதனைக்கு முன்னால் நகர்த்திவிட்டால் நிரல் விழுந்துவிடும். சோதனைக்குப் பின்னால் வைத்தால் அந்த ஆபத்து இல்லை. முதல் வரியில் நீங்களே எழுதும்போது, அளவு வெற்றாக வராது என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதே குடும்பத்தில் இன்னொன்றும் உண்டு, நேர்காணல்களில் கேட்பார்கள். ஃபார் (ஐ = 0; ஐ < எஸ்டிஆர்லென்(சொல்); ஐ++) என்று எழுதி உள்ளே சொல்[ஐ]-ஐப் பெரிய எழுத்தாக்கினால், ஒவ்வொரு சுற்றிலும் சொல்லின் நீளத்தை மறுபடி எண்ண வேண்டியிருக்கும். உள்ளே எழுதும் எழுத்து 0 ஆகவும் இருக்கலாம், அப்போது நீளமே மாறிவிடும் என்பது கம்பைலரின் நியாயமான சந்தேகம். 1 லட்சம் எழுத்துக்கு சுமார் 1000 கோடி எழுத்துப் பார்வை. உள்ளே எழுதாமல் படிக்க மட்டும் செய்தால் அதுவே நீளத்தை ஒரே முறை எண்ணிக்கொள்ளும்.

படி 4: பெருக்கலைக் கூட்டலாக்குதல்

லூப் எண்ணோடு சேர்ந்து சீராக ஏறும் மதிப்புகளைக் கம்பைலர் தனியாகக் கவனிக்கும். வ * அகலம் ஒவ்வொரு வரிசைக்கும் அகலம் அளவு ஏறுகிறது; பெருக்கத் தேவையில்லை, கூட்டிக்கொண்டே போகலாம். ஃபோர்ட்ரான் பிறந்ததிலிருந்தே இந்த வேலை உண்டு. ஜான் பேக்கஸ் குழு 1957-ல் ஐபிஎம் 704-க்காக வெளியிட்ட கம்பைலரில், அரே முகவரிக் கணக்கைச் சுருக்குவதற்கும் அந்த எந்திரத்தின் மூன்றே மூன்று இன்டெக்ஸ் ரெஜிஸ்டர்களைப் பங்குபோடுவதற்கும் பெரும் உழைப்பு போயிருந்தது. கையால் எழுதிய நிரலைவிட ரொம்ப மெதுவாக ஓடினால் யாரும் சீண்ட மாட்டார்கள் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது.

இந்தக் கவனிப்பு சில சமயம் லூப்பையே விழுங்கிவிடும். 0 முதல் ந-1 வரை எண்களைக் கூட்டும் லூப்பை கிளாங்கில் -ஓ2 கொடுத்துப் பாருங்கள். லூப் இருக்காது, ந(ந-1)/2 சூத்திரம் மட்டும் இருக்கும்.

இங்கே நிரூபணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அன்சைண்ட் இன்ட், அதாவது குறை எண்ணே இல்லாத முழு எண் வகை. குறை எண்ணும் ஏற்கும் சைண்ட் இன்ட் தன் உச்சத்தைத் தாண்டி வழிந்தால் என்ன ஆகும் என்று சி தரம் சொல்வதில்லை, எனவே வ * அகலம் + ந எப்போதும் சீராக ஏறும் என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளலாம். 32 பிட் அன்சைண்ட் என்றால் உச்சத்தைத் தொட்டதும் 0-க்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. 64 பிட் எந்திரத்தில் முகவரி நடுவழியில் ஆரம்பத்துக்கே குதிக்கக்கூடும் என்ற வாய்ப்பை அது கணக்கில் வைத்தாக வேண்டும். ஐ <= ந என்ற நிபந்தனையில், ந அந்த வகையின் உச்ச எண்ணாக இருந்தால் லூப் முடியவே முடியாது; சுற்றுகளின் எண்ணிக்கையை முன்கூட்டிச் சொல்ல முடியாமல் போகும். குறை எண் வராத இடத்திலெல்லாம் அன்சைண்ட் போடுவது நல்ல பழக்கம் என்று சொல்லிக் கொடுப்பவர்கள் இந்த விலையைச் சொல்வதில்லை. குறியீட்டெண்ணுக்கு இன்ட் அல்லது முழு 64 பிட் அகலமுள்ள சைஸ்_டி என்று வைத்துக்கொள்வது நிம்மதி.

படி 5: இஃப்-ஐ வெளியே தள்ளுதல்

தலைகீழ் லூப் முழுக்க மாறாத கொடி. கம்பைலர் லூப்பை இரண்டு பிரதி எடுக்கும், தலைகீழ் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. வெளியே ஒரே முறை கேட்டுவிட்டு உரிய பிரதிக்குப் போகும். ஜிசிசி, கிளாங் இரண்டிலும் இதற்குப் பொதுவாக -ஓ3 வேண்டும், ஏனென்றால் நிரலின் அளவு கூடுகிறது. மூன்று கொடி இருந்தால் எட்டுப் பிரதி வரை போகலாம் என்பதால் ஒரு வரம்போடு நிறுத்திக்கொள்ளும்.

படி 6: லூப்புகளின் வரிசை

நம் ஃபங்ஷனில் வ வெளியே, ந உள்ளே. யாராவது மாற்றி எழுதினால்? விடை அதேதான். ஓடும் நேரம் அதே அல்ல.

சி மொழியில் ஒரு வரிசையின் புள்ளிகள் மெமரியில் அடுத்தடுத்து இருக்கும். ஃபோர்ட்ரானில் நெடுவரிசைதான் அடுத்தடுத்து. எக்ஸ்86 எந்திரங்களில் கேஷ் (எந்திரத்தின் அருகிலேயே உள்ள சின்ன, வேகமான மெமரி) 64 பைட் கற்றையாகத்தான் மெமரியை எடுக்கும். ஒரு கற்றையில் 16 ஃப்ளோட். வரிசை வழியே போனால் ஒரு கற்றையை எடுத்து பதினாறையும் பயன்படுத்துவோம். நெடுவரிசை வழியே இறங்கினால் ஒவ்வொரு புள்ளியும் 7680 பைட் தள்ளி இருக்கிறது. கற்றைக்கு ஒரு ஃப்ளோட் மட்டும் எடுத்துவிட்டு அடுத்த கற்றைக்குப் போகிறோம். 1080 வரிசை இறங்க, பழசுக்கு மட்டும் 1080 கற்றை வேண்டும். 32 கேபி முதல் நிலைக் கேஷில் 512 கற்றைதான் பிடிக்கும். அடுத்த நெடுவரிசைக்குத் திரும்பும்போது பழைய கற்றைகள் வெளியேறியிருக்கும்.

அகலம் 1920-க்குப் பதில் 2048 என்றால் இன்னும் மோசம். 32 கேபி, 8 வழிக் கேஷில் 4096 பைட் இடைவெளியில் உள்ள முகவரிகள் எல்லாம் ஒரே அறைக்கு மோதும். 2048 ஃப்ளோட் என்றால் 8192 பைட், 4096-இன் மடங்கு. முழு நெடுவரிசையும் எட்டே எட்டு இடத்துக்குப் போட்டி போடும். அழகாக இரண்டின் அடுக்காக அளவு வைக்கும் நம் ஆசை இங்கே எதிரியாகிவிடுகிறது.

ஜிசிசி 8-லிருந்து -ஓ3-யில் லூப்புகளை இடம் மாற்றும் உத்தி இயல்பாகவே இயங்குகிறது. ஆனால் இரண்டு லூப்புக்கும் நடுவே வேறு வரிகள் இருந்தாலோ, பாயிண்டர் சந்தேகம் இருந்தாலோ கைவிட்டுவிடும். இதை நம்பி இருக்க வேண்டாம். வரிசையை நீங்களே சரியாக எழுதுங்கள். வரிசையை நெடுவரிசையாக்கிப் படத்தைப் புரட்டிப்போடும் வேலையில் படிப்பது ஒரு திசை, எழுதுவது மறு திசை என்பதால் எந்த வரிசையும் உதவாது. அங்கே 32 × 32 போன்ற கட்டங்களாகப் பிரித்து எழுத வேண்டும். ஜிசிசியின் கிராஃபைட், கிளாங்கின் அடித்தளமான எல்எல்விஎம்மின் பாலி இரண்டும் இதற்கென்றே உள்ளவை, ஆனால் நாமாகக் கேட்டால்தான் இறங்கும்.

படி 7: ஒரே கட்டளையில் பல புள்ளிகள்

எக்ஸ்86-64 எந்திரம் ஒவ்வொன்றிலும் பல எண்களை ஒன்றாகக் கையாளும் எஸ்எஸ்இ2 கட்டளைகள் உண்டு, 128 பிட், ஒரே கட்டளையில் 4 ஃப்ளோட். ஏவிஎக்ஸ் உள்ளதில் 256 பிட், 8 ஃப்ளோட். எந்த எந்திரத்துக்கு என்று நீங்கள் சொல்லாவிட்டால் கம்பைலர் எஸ்எஸ்இ2-வை மட்டுமே நம்பும். -மார்ச்=நேட்டிவ் கொடுத்தால் கம்பைல் செய்யும் எந்திரத்தில் உள்ள அத்தனையையும் பயன்படுத்தும். அந்த நிரலைப் பழைய சர்வருக்கு அனுப்பினால் இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன் என்று விழும், அது வேறு.

அகலம் 1920 என்றால் 8 8-ஆக 240 சுற்று. 1917 என்றால் 239 சுற்றில் 1912 முடியும். மீதி 5-க்குத் தனியே ஒரு லூப் பின்னால் ஒட்டப்படும். அசெம்பிளி நீண்டு கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாயிண்டர் சந்தேகம் இங்கேயும் வரும், ஆனால் இந்தக் கட்டம் கொஞ்சம் துணிச்சலானது. ஓடும்போதே புதுசும் பழசும் மெமரியில் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்று சோதித்து, இல்லையென்றால் வேகமான பிரதிக்கும், ஆம் என்றால் ஒவ்வொன்றாகச் செய்யும் பிரதிக்கும் அனுப்பும். இதில் ஒரு கண்ணி: அதே படத்தை இரண்டு இடத்திலும் கொடுத்து அழைத்தால் கிளாங்கின் சோதனைக்கு அதுவும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதுதான், மெதுவான பிரதியே ஓடும். இடத்திலேயே மாற்ற ஒரே பாயிண்டர் வாங்கும் தனி ஃபங்ஷன் எழுதினால் இந்தச் சந்தேகமே எழாது.

அடுத்த தடை கூட்டல். படத்தின் சராசரி வெளிச்சம் வேண்டும் என்று எல்லாப் புள்ளியையும் ஒரு ஃப்ளோட்டில் கூட்டும் லூப் எழுதினால், -ஓ3 கொடுத்தும் அது ஒவ்வொன்றாகத்தான் கூட்டும். 1,67,77,216 என்ற ஃப்ளோட்டோடு 1 கூட்டுங்கள். விடை 1,67,77,216. மறுபடி 1 கூட்டுங்கள், அதேதான். ஆனால் 1-ஐயும் 1-ஐயும் முதலில் கூட்டிவிட்டு அதைச் சேர்த்தால் 1,67,77,218. எட்டுத் தனித்தனிக் கூட்டுத்தொகையாகப் பிரித்து கடைசியில் சேர்த்தால் வரிசை மாறுகிறது, விடையும் மாறலாம். மாறினால் பரவாயில்லை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். -எஃப்ஃபாஸ்ட்-மேத் சொல்லும், ஆனால் கூடவே எண்-அல்லாத மதிப்புகள் வரவே வராது என்பது போன்ற வேறு வாக்குறுதிகளையும் முழு நிரலுக்கும் கொடுத்துவிடும். அந்த ஒரு லூப்பின் தலையில் ஓப்பன்எம்பியின் சிம்டி ரிடக்ஷன் பிராக்மா (கம்பைலருக்கான குறிப்பு வரி) போட்டு -எஃப்ஓப்பன்எம்பி-சிம்டி கொடுப்பது நிதானமான வழி.

எந்த -ஓ நிலையில் இந்தக் கட்டம் இயங்கும் என்பதும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கிளாங் -ஓ2-விலேயே செய்யும். ஜிசிசி 2022-ல் வந்த 12-ஆம் பதிப்புக்கு முன் -ஓ3 கேட்டது. இப்போது -ஓ2-வில் செலவு மிகக் குறைவான இடங்களில் மட்டும் செய்கிறது. நடுவில் பிரேக் உள்ள லூப்புகளை ஜிசிசி 14-லிருந்துதான் ஓரளவு தொடுகிறது.

படி 8: லூப்பை விரித்தல்

ஒரு சுற்றில் நான்கு சுற்றின் வேலை. எண்ணும் வேலையும் தாவலும் குறையும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கட்டளைகளை எந்திரம் ஒரே சமயத்தில் ஓட்டலாம். முன்பு இதைக் கையால் செய்வார்கள். 1983-ல் லூகாஸ்ஃபிலிமில் டாம் டஃப் ஸ்விட்சையும் டூ வைலையும் பின்னி எழுதிய விரிப்பு இன்றும் பேசப்படுகிறது. திரையில் சாளரங்களைக் காட்டும் நிரலான எக்ஸ்ஃப்ரீ86 4.0-வில் அந்த வகை விரிப்புகளை நீக்கியபோது நிரல் சிறுத்தது, வேகமும் கூடியது. விரித்த நிரல் கட்டளைக் கேஷை அடைத்துக்கொண்டிருந்தது. இன்று கையால் விரிக்காதீர்கள். படி 7-க்கு அது தடையாகவும் வரலாம்.

படி 9: அறிக்கையைக் கேட்டு, பிறகு அளப்பது

கிளாங்கில் -ஆர்பாஸ்-மிஸ்டு=லூப்-வெக்டரைஸ், ஜிசிசியில் -எஃப்ஆப்ட்-இன்ஃபோ-வெக்-மிஸ்டு. எந்த வரியில் உள்ள லூப் ஏன் கைவிடப்பட்டது என்று சொல்லும். கிளாங்கில் மிஸ்டு என்பதை அனாலிசிஸ் என்று மாற்றினால் காரணம் இன்னும் விரிவாக வரும். ஜிசிசியின் அறிக்கை மிக நீளம். முதலில், எங்கே நேரம் போகிறது என்று காட்டும் புரொஃபைலரில் சூடாகத் தெரியும் லூப்பின் வரி எண்ணை மட்டும் தேடுங்கள். காரணம் அநேகமாக மேலே பார்த்தவற்றில் ஒன்றாக இருக்கும்: பாயிண்டர், சுற்று எண்ணிக்கை, தசம வரிசை, அல்லது கம்பைலர் உள்ளே எட்டிப்பார்க்க முடியாத வேறு ஃபைலில் உள்ள ஃபங்ஷன் அழைப்பு. கடைசியாகச் சொன்னதற்கு -எஃப்எல்டிஓ கொடுத்து, இணைக்கும்போது எல்லா ஃபைலையும் சேர்த்துப் பார்க்க வைக்கலாம்.

அளக்கும்போது, வெளிச்சம் ஃபங்ஷனை 1000 முறை அழைத்து நேரம் பார்க்கும் லூப் எழுதுவீர்கள். விடையை எங்கும் பயன்படுத்தாவிட்டால் அந்த லூப் முழுவதையும் கம்பைலர் நீக்கிவிடலாம். கைக்கடிகாரம் 0 காட்டும். கடைசியில் புதுசிலிருந்து சில புள்ளிகளைக் கூட்டி அச்சிடுங்கள். அகலம், உயரம், அளவு மூன்றையும் நிரலுக்குள் எண்ணாக எழுதாமல் கட்டளை வரியிலிருந்து வாங்குங்கள். எண்ணாக எழுதினால் அந்த ஓர் அளவுக்கென்றே தைத்த லூப்பைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். 1920 மட்டும் போதாது, 1917-ம் 2048-ம் சேர்த்து ஓட்டுங்கள்.